நூற்றுப் பதினேழாம் பல்

அருவங்காட்டிலிருந்து பிக்கப் வண்டியில்
காலி கேரட் சாக்குகளுக்கு அடியில் வந்தது தறி.
இருபத்தொரு கட்டைகள், ஒரு பை நிறைய போல்ட்டு.
கட்டைக்கொரு எண், சாக்பீஸில்.
வழியில் பிடித்த மழை
நான்கு எண்களைக் கழுவிவிட்டிருந்தது.

பதினோராயிரம் கேட்டு
ஒன்பதரைக்கு இறங்கினார் ஹெப்சிபா.
"கோயமுத்தூர்ல ரெண்டாவது மாடி. லிஃப்ட்டு சின்னது."
அதற்கு மேல் காரணம் சொல்லவில்லை.
மருந்துக்கடையில் நிற்பவளுக்குக்
கேட்காமலிருப்பது பழக்கம்.

காந்தி மைதானத்தை விட்டால்
கோத்தகிரியில் மட்டமான தரை கிடையாது.
என் முன்னறையில் கைதவறும் மாத்திரை
வாசற்கதவு வரை உருளும்.
கொத்தனார் புவிராஜ் ரசமட்டத்தை வைத்தார்.
பச்சைத் திரவத்துக்குள் குமிழி
சுவர்ப்பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது.
"வீட்டைச் சரி பண்றதா, தறியையா?"
தறியை, என்றேன்.
வாசல்பக்கக் கால்களுக்குப்
பேரிக்காய்ப் பெட்டியின் பலகை இரண்டு,
அதுவும் போதாமல்
போன வருடத்து விலைப்பட்டியல், நான்காய் மடித்து.
குமிழி நடுவுக்கு வந்தது.
நாங்கள் இருவரும்
கொஞ்சம் சாய்ந்தே நின்றுகொண்டிருந்தோம்.

மூலைக்கு மூலை கயிறு பிடித்ததில்
ஒரு விரற்கடை வித்தியாசம்.
ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு.
அவர் டீ குடித்துவிட்டுப் போனார், காசு வாங்கவில்லை,
இருமல் மருந்து வாங்கிக்கொண்டார்.

மிதித்தால் இறங்கியது மிதிபலகை,
காலை எடுத்தால் ஏறவில்லை.
மூடுபனி குடித்த மரம்.
மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன்.
மறுநாள் வெயில் அடித்ததும் எல்லாமே தொளதொள.
கடைசியில் கயிறுக்கு இரண்டு கண்ணி போட்டேன்,
பனிக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று.
மூன்றாம் மிதியில் மட்டும் ஒரு குதிகால் குழி.
ஹெப்சிபாவுக்கு நீளக் கால்.
கயிற்றை இரண்டு அங்குலம் சுருக்கினேன்,
என் பாதம் குழிக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது.

பாவை வெட்டும்போது ஒரு சாண் விட்டு வெட்டியிருந்தார்.
விழுதிலும் அச்சிலும் புகுந்தபடி
முந்நூற்று அறுபது ஊதா இழைகள்.
புதிதாகக் கோக்க வேண்டியதில்லை.
பழைய முனையோடு புது முனையை முடிந்து
மெல்ல இழுத்தால் போதும், வழி அதற்குத் தெரியும்.
சென்னிமலையிலிருந்து கூரியரில் வந்த நூல்,
நிறம் பட்டியலில் பழுப்பு, பிரித்தால் வெல்லம்.
கடை சாத்திய பிறகு நான்கு இரவுகள்.
ஸ்ட்ரிப் எண்ணுவதுபோல் பத்துப் பத்தாக,
மருந்துக் கவரின் முதுகில் கோடு கிழித்தபடி.

நூற்றுப் பதினேழாம் பல்லில் மூன்று இழை.
அடுத்த பல் காலி.

போன் செய்தேன்.
"துணியில ஒரு கோடு விழுமே?"
"விழுந்துச்சு," என்றார்.
"பன்னெண்டு வருஷமா.
நூல் மில்லுக்காரனத்தான் திட்டிட்டிருந்தேன்."
ஒரே ஒரு தடவைதான் கோத்தாராம்,
அப்புறம் எல்லாம் முடிச்சு.
பின்னால் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.
"எத்தனாவது பல்லுன்னு சொன்னே?"

கொக்கியால் ஓர் இழையை உருவி
காலிப் பல்லுக்குள் தள்ள
அரை நிமிடம் ஆகவில்லை.

முடிச்சுகள் விழுதுகளைத் தாண்டின,
ஒவ்வொன்றும் ஒரு சின்னத் தயக்கத்தோடு.
ஊதா போய் வெல்லம் வந்தது.
அச்சுப்பலகையை இழுத்து அடித்தேன்,
மேல்வீட்டு நாய் ஒருமுறை குரைத்தது.
இரண்டு அங்குலம்.
நூற்றுப் பதினேழில் கோடு இல்லை,
விரலால் தடவியும் பார்த்தேன்.

ஆனால் ஓடம் வலது ஓரத்துக்குப் போகும் வழியில்
எங்கோ இடறுகிறது.
டார்ச்சோடு பின்பக்கம் குனிந்தேன்.
விழுதுக்குப் பின்னால் இரண்டு இழைகள்
ஒன்றையொன்று தாண்டிக் கிடந்தன.
இரண்டிலும் என் முடிச்சு.
மூன்றாம் நாள் இரவு, கரண்ட் போன நேரம்.

மணி பதினொன்றே கால்.
காலையில் எட்டரைக்குக் கடை திறக்க வேண்டும்.
முடிச்சை அவிழ்க்கக் கை போனது,
திரும்பி வந்து பலகையில் உட்கார்ந்தேன்.
எப்படித்தான் இருக்கிறதென்று பார்க்க
இன்னும் ஓர் அங்குலம் நெய்தேன்.